மூன்று தடவை கேட்டால்

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காதில் ஹெட்செட், மடியில் கணினி, திறந்து வைத்த துணி அலமாரிக்குள் பாதி உடம்பு. அலமாரிக்குள் ஏன் உட்காருகிறேன் என்றால், தொங்குகிற துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும், ஆபீஸிலிருந்து பேசுவது போலவே கேட்கும். நோய் வந்து ஊரையே வீட்டுக்குள் அடைத்த பிறகு, எங்கள் விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையம் என்பது அண்ணன் வீட்டு மாடியறையில், என் குளிர்காலக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் இந்த நாற்காலிதான்.

கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒரே கேள்வி. பறக்காத விமானத்துக்குக் கட்டிய பணம் எப்போது வரும்? எங்களிடம் இருப்பதும் ஒரே பதில். கிரெடிட் தருகிறோம். அதாவது உங்கள் பணம் எங்களிடமே பத்திரமாக இருக்கும். நாளைக்கு விமானம் பறந்தால், நாங்களும் கடையை மூடாமல் இருந்தால், அதை வைத்து வேறு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். இதை வெண்ணெய் தடவிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. எந்த நேரத்தில் யாருடைய அழைப்பை ஒட்டுக்கேட்பார் என்று தெரியாது. பொதுமுடக்கம் தொடங்கிய வாரமே அவர் பாடம் எடுத்தார். "மொத தடவ பணம் கேட்டா கிரெடிட் காட்டுங்க. ரெண்டாவது தடவ கேட்டா கிரெடிட்டோட கொஞ்சம் கூடச் சேத்துக் காட்டுங்க. மூணாவது தடவயும் பணம்தான் வேணும்னா குடுத்துடுங்க. நாம யாருக்கும் இல்லன்னு சொல்றதில்ல. ஆனா ரீஃபண்டுங்கற வார்த்தை நம்ம வாயிலருந்து முதல்ல வரக்கூடாது."

கத்துகிறவர்கள் மூன்று தடவையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பணத்தோடு போய்விடுவார்கள். நல்ல மனுஷர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தடவை கேட்பார்கள், பாதி தொண்டையில் நிற்கும், பிறகு "பரவாயில்லம்மா" என்பார்கள். போகிறபோது நன்றி வேறு. அந்த நன்றியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி மாடியேறி வந்து கதவருகே நின்றாள். நான் அழைப்பில் இருந்தால் அண்ணி வாயே திறக்க மாட்டாள். குக்கரைக்கூட என் இடைவேளை பார்த்துத்தான் அடுப்பில் ஏற்றுவாள். அன்றைக்கு முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். அழைப்பை முடித்து மைக்கை அணைத்தேன்.

"உங்கண்ணன் ஒரு காரியம் பண்ணிட்டாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"சத்தியத்த அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி. என்ன பண்ணான்?"

"நேத்து டிக்கெட் விஷயமா ஃபோன் பண்ணியிருக்காரு. ஒங்க கம்பெனிக்குத்தான். கிரெடிட் போதும்னு சொல்லிட்டாராம்."

நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பள்ளிக்கூடம் மூடி மாதக்கணக்காகிறது. வெளிநாட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம் என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில், அவனும் அண்ணியும் போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தான். விமானம் ரத்தானது. குழந்தை யாருக்காகவும் காத்திருக்காமல் பிறந்தது. பாட்டனும் பாட்டியும் அதை ஃபோனில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் வேனின் தவணை நின்றுபோய், நாளைக்கு வண்டியைத் தூக்க வருவதாக ஃபைனான்ஸ்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தருகிறது என்று கம்பெனியே அனுப்பிய செய்தியைக் காட்டினால், பணம் வரும்வரை பொறுத்துக்கொள்வார். கிரெடிட்டைக் காட்டினால் அவர் என்ன, விமானத்திலா ஏறப் போகிறார்?

வேன் போனால் அண்ணன் போனான். அவனுக்கு வேறு வேலை தெரியாது.

நான் படியிறங்கவில்லை, உருண்டேன் என்றே சொல்லலாம். வாசலில் நின்ற வேனுக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் உறும விட்டு அணைப்பான். எங்கேயும் போகாத வண்டியின் கண்ணாடியையும் துடைத்து வைப்பான்.

"ஏன்ணா என்கிட்ட சொல்லல?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஒன் வேலைக்கு எதாவது வந்துடும்னுதான் பாப்பா. சொந்தக்காரங்க டிக்கெட்டத் தொட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு நீதான சொன்ன?"

சொன்னது நான்தான். எங்கள் பிரிவில் ஒருத்தர் மாமனார் டிக்கெட்டைத் திறந்து பார்த்தார், மறுநாள் அவருக்கு வேலையில்லை.

"சரி, கிரெடிட் வேணாம், பணம்தான் வேணும்னு அழுத்தமா சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேன். ஒரு தடவ கேட்டேன். அந்தப் பொண்ணு ரொம்பத் தன்மையாப் பேசுச்சு. 'உங்க இடத்துல நான் இருந்தா கிரெடிட்தான் எடுத்திருப்பேன் சார்'னு சொல்லுச்சு. அதுவும் ஒன்ன மாதிரி ஒரு பொண்ணுதான? மேல கேட்டா அதுக்கு எதாவது பிரச்சினை ஆயிடுமோன்னு…"

நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியம் என்னுடையது. ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் சொன்னதைக் கழுகு ஒட்டுக்கேட்டு, பிரமாதம் என்று பாராட்டி, எல்லோருக்கும் அனுப்பிவைத்திருந்தார். இன்றைக்கு ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் அண்ணனிடம் என் வாயாலேயே அல்லவா பிடுங்கியிருக்கிறார்கள்! வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"மெயில்ல ஒரு லிங்க் வந்திருக்குமே, அத அமுக்கிட்டியா?"

"மெயிலா? அதெல்லாம் மக போட்டுக் குடுத்தது. பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது."

அண்ணனின் அறியாமைக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். ஃபோனில் சரி சொன்னாலும் அந்த லிங்க்கை அமுக்கினால்தான் கிரெடிட் உடனே உறுதியாகும். அமுக்காவிட்டால், மறுநாள் சாயங்காலம் தானாகவே உறுதியாகிவிடும். அண்ணனுக்கு அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான். அதற்குள் அவனே கூப்பிட்டு, பணம்தான் வேணும் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மேலே போய்க் கணினியில் மதிய இடைவேளையைத் தட்டிவிட்டு மறுபடி ஓடிவந்தேன்.

வேனின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளின் சீட், என் உடம்புக்குப் போதவில்லை. முன்சீட்டின் முதுகில் யாரோ ஒரு பிள்ளை நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்ளே புழுங்கியது. அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினான். எங்கள் கம்பெனி இசை ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அதை நான் கேட்டதே இல்லை. முடிவது போல இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வாடிக்கையாளர்கள் எடுத்த எடுப்பில் ஏன் எரிந்து விழுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"மூணு தடவ கேக்கணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"நடுவுல சரி சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் பாப்பா."

சொல்வான் என்று எனக்குத் தெரியும். பந்தியில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தாலும் இன்னொரு கரண்டி கேட்காத ஆள். கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால், அவரைக் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வேறு தெரு வழியாக வீட்டுக்கு வருவான். இசை ஓடிக்கொண்டே இருந்தது. நான் நகத்தைக் கடித்தேன். இடைவேளை தாண்டினால் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி சிவப்பாகும், கழுகு கண் விழிக்கும். ஃபைனான்ஸ்காரர், சிவப்புப் புள்ளி, சாயங்காலம் என்று மனசு ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது.

இசை சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல். பேச்சிலேயே புதுசு என்று தெரிந்தது. அண்ணன் டிக்கெட் விவரத்தைச் சொன்னான்.

"அது வந்தும்மா… நேத்து கிரெடிட் போதும்னு சொல்லிட்டேன். இப்ப… பணமா கிடைச்சா கொஞ்சம் நல்லா இருக்கும்."

"புரியுது சார். ஆனா கிரெடிட்டுக்கு ஒரு வருஷம் செல்லுபடி இருக்கு. எப்ப வேணா போய்க்கலாம். உங்க இடத்துல நான் இருந்தா கிரெடிட்தான் எடுத்திருப்பேன் சார்."

என் வாக்கியம். ஒரு எழுத்து பிசகாமல்.

அண்ணன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான். ஸ்டியரிங்கைத் தடவினான். "அப்படியாம்மா… நீயே சொல்றப்ப… சரி—"

"சரி சொல்லாத!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினேன்.

"சார், பக்கத்துல யாரோ பேசறாங்க. டிக்கெட்ல இல்லாதவங்க பேசினா நான் பதிவு பண்ணணும் சார். அவங்க பேரு சொல்றீங்களா?"

பெயரைப் பதிவு செய்தால் இன்றோடு சரி. அண்ணன் வேனும் போகும், என் வேலையும் போகும், வீட்டில் ஒரு ரூபாய் வருமானம் இருக்காது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"யாருமில்லம்மா," என்றான் அண்ணன். "வண்டில ரேடியோ ஓடுது."

என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு சுத்தமாக.

"இல்ல சார், ஒரு பெண் குரல்—"

"ரேடியோன்னு சொல்றேன்ல. அத விடும்மா. நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. எனக்குப் பணம்தான் வேணும்."

அந்தப் பெண் தடுமாறினாள். எதிரே இருக்கும் தாளில் அடுத்த வரியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "கிரெடிட்டோட கூடக் கொஞ்சம் சேர்த்து—"

"எதையும் சேக்க வேணாம்மா. நான் கட்டுன பணம். நீங்க ஓட்டாத ஃப்ளைட்டு. அந்தப் பணத்தத் திருப்பிக் குடு. அதுக்குத்தான் கூப்பிட்டேன், வேற எதுக்கும் இல்ல."

அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள்? பள்ளிக்கூட வாசலில் பெரிய லாரிகள் பிள்ளைகளை உரசுவது போல வந்தால் மட்டும் அவன் இப்படிக் கத்துவான் என்று வேனில் வருகிற பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நான் நம்பியதில்லை. தனக்கென்றால் இன்னும் நூறு தடவை சரி சொல்லியிருப்பான். அந்தப் பெண் என் பெயரைக் கேட்டதும் அவனுக்கு வெட்கம் போய்விட்டது.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சரிங்க சார். கிரெடிட்ட ரத்து பண்ணிட்டேன். முழுத் தொகையும் உங்க கணக்குக்குத் திரும்ப வரும். செய்தி இப்ப அனுப்பறேன்."

அண்ணன் ஃபோன் கிணுகிணுத்தது. செய்தியைப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு என்னிடம் நீட்டினான், நான் படித்தால்தான் அது உண்மையாகும் என்பது போல.

அழைப்பு முடிந்ததும், சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று பதிவுக் குரல் வந்தது. யாரும் அதற்குக் காத்திருப்பதில்லை. அண்ணன் காத்திருந்தான்.

"இதுல எது பெரிய மார்க்கு?"

"அஞ்சு. அஞ்ச எதுக்கு அமுக்கற? ஒன்ன ஏமாத்தப் பாத்தவ!"

"பாவம் பாப்பா, புதுசு. நான் வேற கத்திட்டேன்." அழுத்திவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அண்ணி சமையலறை ஜன்னலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மேலே போனபோது புள்ளி சிவப்பாகியிருந்தது. கழுகு இரண்டு தடவை செய்தி அனுப்பியிருந்தார், எங்கே போனாய் என்று. வயிற்றுக்கோளாறு என்று எழுதினேன். அண்ணனின் அழைப்பும் பதிவாகியிருக்கும். யாராவது அதைப் போட்டுக் கேட்டால் என் குரலைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையே இல்லை. கேட்பார்களா என்று தெரியாது. நிலைகொள்ளாமல் கோட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

அடுத்த அழைப்பு வந்தது. ஒரு அம்மா. தையல் வேலையாம். தங்கையைப் பார்க்கப் போக எடுத்த டிக்கெட். பணம் திரும்பக் கிடைக்குமா என்று, கடன் கேட்பதுபோல் கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் கிரெடிட்டைப் பற்றிச் சொன்னேன்.

"கிரெடிட்டா? சரிம்மா. உங்களால முடிஞ்சது அதுதான?"

திரையின் ஓரத்தில் பதிவாகிறது என்று சொல்லும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழுகு கேட்டாலும் கேட்கட்டும்.

"இல்லம்மா," என்றேன். "என்னால இன்னும் முடியும். பணம்தான் வேணும்னு இன்னொரு தடவ கேளுங்க."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடி நின்றது.

"கேட்டா உங்களுக்கு எதாவது பிரச்சினை வந்துடாதேம்மா?"

"வராதும்மா. கேளுங்க."

"பணம்தான்மா வேணும்," என்றாள், யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்பது போல.

"இன்னும் ஒரு தடவ."