நாற்பத்தொரு புத்தகம் குடித்த அரிசி

தென்னூர் ரஃபீக் வீட்டு டப்பாவில் இருந்த ஐந்து கிலோ பொன்னி அரிசி, போன ஜூலையில் மூன்றே நாளில் நாற்பத்தொரு புத்தகங்களைக் குடித்து முடித்தது. ரஃபீக் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். மனதளவில் மெக்கானிக். அவர் ரிப்பேர் பார்த்த மிக்ஸி மழை பெய்தால் மட்டும் அரைக்கும். சுவர்க்கடிகாரம் விருந்தாளி வந்தால் வேகமாக ஓடும். மனைவி மஹ்ஜபீன் இதற்கெல்லாம் வாயே திறப்பதில்லை. ஆறு வருஷமாக, சொல்ல நினைத்ததையெல்லாம் அந்த நாற்பத்தொரு புத்தகமும் இருந்த தன் ஈ-ரீடரில், படிக்கிற பக்கத்து ஓரத்திலேயே குறித்து வைத்தார். வேறெங்கும் நகல் கிடையாது, ஏனென்றால் வைஃபை பெட்டியையும் ரஃபீக் ரிப்பேர் பார்த்திருந்தார்.

மஹ்ஜபீன் திருவானைக்காவலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம், ரஃபீக் கூடத்து ஃபேனைக் கழற்றினார். ஸ்க்ரூ வைக்கத் தட்டு தேடியபோது கைக்கு வாகாக ஈ-ரீடர் கிடைத்தது. முழங்கை பட்டு எல்லாம், ஃபேன் இறக்கை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போயின. ஸ்க்ரூக்கள் பிழைத்துக்கொண்டன. யூடியூபில் பார்த்தபடி ஈ-ரீடரைத் துடைத்து ஹேர் டிரையர் காட்டினார், ஒரு மூலை உருகியது. தோசைத் திருப்பியால் முதுகைப் பிளந்து, ஒன்றும் புரியாமல், எல்லாம் புரிந்த முகத்தோடு மூடினார். கடைசியில் அரிசிக்குள் புதைத்தார். காவிரித் தண்ணீரைப் பொன்னி அரிசி உறிஞ்சாதா என்பது அவருடைய விஞ்ஞானம்.

மூன்றாம் நாள் எடுத்தபோது திரை வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை. ஆனாலும் ரஃபீக்குக்குப் பசித்தது, அந்த அரிசியையே வடித்தார். முதல் கவளத்தில் யாரோ ஒரு ஜமீன்தாரின் கல்யாணம் நாக்குக்கு வந்தது. இரண்டாவதில் ஒரு கொலை. மூன்றாவதில் மஹ்ஜபீனின் குறிப்பு: "இந்த இடம் நல்லா இருக்கு. இவர்ட்ட சொல்லப் போனேன். ஃபேனைக் கழட்டிட்டு இருந்தார்." அன்றும் அடுத்த நாட்களிலும் தின்ற சோறு முழுக்க இதே கதைதான். கல்யாணத்துக்கும் கொலைக்கும் நடுவே நூற்றுப்பன்னிரண்டு இடங்களில் மஹ்ஜபீன் சொல்லப் போயிருக்கிறார். மிக்ஸி, கடிகாரம், மோட்டார், மறுபடி ஃபேன். ரஃபீக் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். சோற்றில் உப்பு குறைவாக இருந்தது, அது சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மஹ்ஜபீன் வந்தார்.

"என் ரீடர் எங்கங்க?"

"செத்துப்போச்சு. நான்தான் தண்ணில போட்டேன்."

"அதுல இருந்ததெல்லாம்?"

"சாப்பிட்டுட்டேன்."

மஹ்ஜபீன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம். ரஃபீக் கண்ணை மூடிக்கொண்டு, முதல் குறிப்பிலிருந்து ஒரு கால்புள்ளி தவறாமல் ஒப்பித்தார். எட்டாவது குறிப்பில் மஹ்ஜபீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதினது அவ்வளவுதான். சொல்ல வந்தது இன்னும் இருக்கு."

ரஃபீக் எதையும் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். விடியற்காலை பாங்கு சொல்லும்வரை கேட்டார்.

மிச்சமிருந்த அரைப்படி அரிசி ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குப் போனது. அன்று கஞ்சி வாங்கிப் போன வீடுகளில் ஏழு ஆண்கள் மனைவியிடம், "அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்ன?" என்று கேட்டதாகத் தென்னூரில் தகவல். ரஃபீக் வீட்டு ஃபேன் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. இருவரும் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.