கொய்யா மரத்துத் தட்டு

கிரில் கதவுக்கு உள்ளே கிழவர் பத்துமலை. வெளியே கொய்யா மரம். மரத்தில், ராஃபியா கயிற்றில் தொங்கி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது கேமராவோடு வந்த சிடி தட்டு. அவருக்கும் மரத்துக்கும் நடுவே, கதவில் ஒரு பூட்டு. அதன் சாவி மகள் புனிதாவின் கைப்பையில், ஈப்போவில் ஓர் அலுவலக வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் திருடனுக்குப் பயந்து எல்லாரும் கிரிலைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போவார்கள். உள்ளே அப்பா இருக்கிறார் என்பது புனிதாவுக்குத் தெரியும்; அவள் கைக்குத் தெரியவில்லை. அது பழக்கப்படி பூட்டிவிட்டுப் போய்விட்டது.

மணி இரண்டரை. நான்கு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

பழைய ரெட்டக்கிணத்து ரப்பர்த் தோட்டத்தில் வீடு கட்டப் போகிறார்கள். ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூண்டுக்குப் பின்னாலிருந்த இடுகாடு அவர்கள் வரைபடத்தில் வெறும் புதர். இன்று நான்கு மணிக்குள் யார் யார் கல்லறைப் படத்தைக் காட்டுகிறார்களோ அவர்களுடையதை மட்டும் முறையாக வேறிடத்துக்கு மாற்றுவார்கள். மற்றதைப் புல்டோசர் பார்த்துக்கொள்ளும். நான்கு வருஷமாக அங்கேதான் காளியம்மா இருக்கிறாள், பத்துமலையின் மனைவி. நேற்று அவர் மோட்டார் சைக்கிளில் போய், லாலாங் புல்லை வெட்டி, கேமராவில் பதினோரு படம் எடுத்து வந்திருந்தார்.

"படம் எதுக்கு? என் பொண்டாட்டி அங்க இருக்கான்னு நான் சொன்னா போதாதா?"

"அப்பா, நீங்க சொன்னா நானே நம்ப மாட்டேன் லா," என்றிருந்தாள் புனிதா.

நியாயம்தான். எழுபத்தொன்றாம் வருஷ வெள்ளத்தில் முதலை முதுகில் நின்றபடியே லூமுட் வரை போனவர் அவர். இறங்கியதும் முதலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்றாம். புகைக்கூண்டுக்குள் புலி வந்து குளிர் காய்ந்த கதையில், ஆரம்பத்தில் ஒரு புலிதான் இருந்தது. இப்போது அதற்குக் குடும்பமே சேர்ந்துவிட்டது.

கேமராவின் ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். கம்பெனித் தட்டைப் போடு என்றது கம்ப்யூட்டர். சரி என்பதை அழுத்தினார். தட்டைப் போடு என்றது. வேண்டாம் என்பதை அழுத்தினார். அப்போதும் தட்டைப் போடு. அந்தத் தட்டைத்தான் போன வருஷம், குருவி கொய்யாவைக் கொத்துகிறதே என்று, தன் கையாலேயே மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

துடைப்பத்தோடு ஒட்டடைக் கம்பைச் சேர்த்துக் கட்டி, கிரில் வழியே நீட்டிப் பார்த்தார். இரண்டு முழம் குறைந்தது. தோளைக் கம்பிக்குள் நுழைத்துப் பார்த்தார். தோள் போயிற்று, திரும்பி வரத்தான் பத்து நிமிஷம் பிடித்தது.

போன் அடித்தது.

"அப்பா, எனக்கு முன்னாடி ஒம்பது பேருதான். அனுப்பிட்டீங்களா?"

"நீ வந்து கதவத் தொற."

"வரிசைய விட்டுட்டு எப்படிப்பா வர? அம்மாவை யோசிங்க."

அவர் வேறு யாரை யோசித்துக்கொண்டிருந்தார்!

மூன்றே காலுக்குப் பக்கத்து வீட்டு ஷரபுதீன் வந்தார். சிலிபின் பக்கம் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வருவார்.

"என்னாண்ணே, உள்ள போட்டுட்டாங்களா? என்ன கேசு?"

"பாய், கிண்டல் அப்புறம். மொதல்ல அந்தத் தட்டை அவுத்துக் குடுங்க."

ஷரபுதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அவர் கை தட்டுக்கு எட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையிலிருந்து இறங்கி வந்த பெரிய குரங்கு ஒன்று, தன் பொருளை எடுப்பது மாதிரி நிதானமாகக் கயிற்றைக் கடித்து அறுத்து, தட்டோடு கூரைக்கு ஏறிவிட்டது. ஒரு வருஷமாகத் தட்டைப் பார்த்துப் பயந்த குரங்கு அது. தைரியம் வர இன்றைக்குத்தான் நாள் பார்த்திருக்கிறது.

பத்துமலை கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"தட்டு என்னத்துக்குண்ணே?" என்றார் ஷரபுதீன். "கேமரா வயித்துல சின்ன கார்டு இருக்கும். அத உருவி நேரா கம்ப்யூட்டர்ல சொருவுங்க. எங்க கடை மெனு படமெல்லாம் அப்படித்தான் ஏத்துறோம். முன்னாடி பாருங்க, ஒல்லியா ஓட்டை இருக்கும்."

கார்டு நகம் அளவுக்கு வந்தது. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னாண்ணே, ஓட்டை இல்லியா?"

"இருக்கு பாய். அடைஞ்சிருக்கு."

காளியம்மாவின் கடைசி ஆயுத பூசை. அடுப்பு, தையல் மெஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு எது நெற்றி என்று அவள் தேடினாள். வாய் போல ஒன்று தெரிந்தது. பொட்டு விழாமல் இருக்கட்டும் என்று அதிலேயே சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள். இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு தூசு தட்டும்போதெல்லாம் புனிதா அந்தப் பொட்டைச் சுற்றித்தான் தட்டுவாள். காய்ந்து இறுகிய சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை இன்னும் இருந்தது.

"குச்சி வச்சு நோண்டுங்க லா! மணி மூணே முக்கால்!" என்றார் வெளியே நின்ற ஷரபுதீன்.

பத்துமலை ஓர் ஊக்கை எடுத்தார். கீழே காகிதத்தை விரித்தார்.

"கொஞ்சம் நகந்துக்க காளி," என்றார். "உனக்காகத்தான்."

ரேகை முதலில் உதிர்ந்தது. அப்புறம் எல்லாம் பொடிப்பொடியாக வந்தது. ஊதினார். கார்டைத் தலைகீழாகச் செருகி, திருப்பிச் செருகினார். திரையில் ஒரு மஞ்சள் பை திறந்தது. யாரும் எந்தத் தட்டையும் கேட்கவில்லை. பதினோரு படம்: ஐந்தில் அவர் கட்டைவிரல், மூன்றில் லாலாங், இரண்டில் மோட்டார். கடைசியில் கல். கல்லில் பேரும் வருஷமும் பளிச்சென்று.

தினமும் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புகிற கம்ப்யூட்டர் வாட்சாப்பிலேயே புனிதாவுக்கு அனுப்பினார். மூன்று ஐம்பத்திரண்டு.

போன் வந்தபோது நான்கரை.

"பதிஞ்சுட்டாங்கப்பா. பத்தொம்பதாவது பேரு அம்மா. தட்டு மரத்துலதானே கிடக்கு, படத்த எப்படி எடுத்தீங்க?"

"தட்டைக் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு. உங்கம்மா வச்ச பொட்டுக்குப் பின்னாடி ஒரு வழி இருந்துச்சு. அது வழியா எடுத்தேன்."

"ஐயோ, இன்னைக்காவது கதை விடாதீங்கப்பா."

பத்துமலை யோசித்தார்.

"சரி. புலி வந்து எடுத்துக் குடுத்துச்சு."

"அது!" என்று சிரித்தவள் மூக்கை உறிஞ்சினாள். "ரோடு ஜாம்பா. வர ஆறரை ஆகும்."

சந்தனப் பொடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிரிலுக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குரங்கு கூரையிலிருந்து இறங்கி மதில்மேல் அமர்ந்தது. தட்டில் தன் முகத்தைப் பார்த்தது. பிறகு கம்பிக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரு கொய்யாப்பழத்தைப் பறித்து அவர் பக்கமாக எறிந்தது.