பல் டாக்டரின் ஸ்ட்ரிங்ஸ்

என் கழுத்தில் இருந்த கட்டி பட்டாணி அளவுதான் என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். "பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "பிரமாதமா பாடுவா டாக்டர்" என்றார். "அப்படின்னா மேல் ஸ்தாயி போனாலும் போகலாம். பத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகுது" என்று சொல்லி, ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

"கவலையே படாத. அதுக்குள்ள நம்ம பாட்டை ரெக்கார்ட் பண்ணிடறோம்" என்றார் இவர், மாடிப்படி இறங்கும்போதே.

நம்ம பாட்டு என்பது கல்யாணமான வருஷம் இவர் எனக்காக மெட்டுப் போட்டது. நல்ல பாட்டு. அதைச் சொல்லாமல் இருந்தால் என் நாக்கு அழுகிவிடும். பதினோரு வருஷமாக அதை நான் சமையலறையில் பாடியிருக்கிறேன், குளியலறையில் பாடியிருக்கிறேன், மைக் முன்னால் மட்டும் பாடியதில்லை. இவருக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் அரை மணியில் போய் இறக்கிவிட்டுவிடுவார். சொந்தப் பாட்டுதான் பதினோரு வருஷமாக இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

இதற்கென்று பின்னறையை எடுத்துக்கொண்டார். சுவரெல்லாம் பழைய மெத்தை. என் புடவைகள் அலமாரியை விட்டு வெளியேறிச் சமையலறைப் பரணில் குடியேறின. மைக்குக்கு முன்னால் ஒரு கம்பி வளையம், மூச்சுக் காற்று மைக்கில் மோதாமல் இருக்க அதில் இழுத்துக் கட்டியிருப்பது என்னுடைய காலுறை. எல்லாம் தயார், சவுண்ட் மட்டும் சரியில்லை. இவரிடம் இருந்த கீபோர்டில் வயலின் என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் கொசு பாடும். புதுசு வாங்கலாம் என்றால் எங்கள் ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் சேர்த்து விற்றாலும் அதன் மூடிகூட வராது. அதனால் செகண்ட் ஹாண்டில் சவுண்ட் தேடுவது என்று முடிவானது.

என் தங்கச்சிக்கு இது பிடிபடவில்லை. "சத்தத்துல ஏது மாமா செகண்ட் ஹாண்ட்? யாரோ வாசிச்சிட்டு மிச்சம் வச்சதா?" என்று கேட்டாள். இவர் சிரிக்கவில்லை. கீபோர்டுக் கட்டைகளே இல்லாமல் சத்தங்கள் மட்டும் அடைத்த தகரப் பெட்டி என்று ஒன்று உண்டு, அதை வாங்கி ஒரு வயரால் தன் கீபோர்டோடு சேர்த்துவிட்டால் போதும், இங்கே அழுத்த அங்கே பாடும் என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். அவள் போட்ட டீ ஆறிப்போனது.

"முதல்ல என் குரலை எடுத்து வச்சிடுங்களேன். பின்னாடி எதை வேணா சேர்த்துக்கலாம்ல?" என்று நான் கேட்டேன்.

வீடு கட்டுவதற்கு முன்னால் பெயின்ட் அடிக்கச் சொன்ன மாதிரிப் பார்த்தார். "குரல் எப்பவும் கடைசிலதான். பின்னணி மொத்தமும் ரெடியாகி, அதைக் காதுல கேட்டுக்கிட்டே பாடினாத்தான் ஃபீல் வரும். இன்னொண்ணு, இனிமே அந்தப் பாட்டை வீட்டுல பாடாத. பாடிப் பாடிப் பழசாயிடும். ஃப்ரெஷ்ஷா வச்சிரு."

பாட்டை ஃப்ரெஷ்ஷாக வைத்துக்கொண்டு ஆறு வாரம் பாத்திரம் தேய்த்தேன்.

முதலில் வந்து சேர்ந்தது மூவாயிரம் சவுண்ட் அடங்கிய ஒரு மெமரி கார்டு. கொள்ளை மலிவு. திறந்து பார்த்தால் மழைப் பியானோ, விடியல் பியானோ, ஏக்கப் பியானோ, முதல் முத்தப் பியானோ என்று பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு நிமிஷம் கேட்ட எனக்கே தெரிந்துவிட்டது, எல்லாம் ஒரே பியானோ. இவர் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து, நோட்டில் குறிப்பு எழுதி, ஐந்தாம் நாள் "ஏக்கம் கொஞ்சம் பரவால்ல" என்றார்.

அடுத்தது, திரை செத்துப்போன ஒரு பெட்டி. விற்றவர் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "எண்ணிக்கிட்டே அழுத்துங்க சார். நாப்பத்தொண்ணு புல்லாங்குழல், எழுபத்தாறு வீணை. தப்பிப்போச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு முதல்லேர்ந்து எண்ணுங்க" என்றார். இவர் அதையும் இரண்டு நாள் யோசித்தார். இன்னொரு வீட்டில் பெட்டி நன்றாக இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போதெல்லாம் அதுவும் கூடச் சேர்ந்து ஓடியது. போகிற இடமெல்லாம் இவர் செய்வது ஒன்றுதான். அங்கிருக்கும் கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் தேய்ந்து அடங்குகிறவரை அப்படியே நிற்பார். விற்கிறவரின் மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நம்ம பாட்டில் ஒரு வரியைக்கூட எந்த வீட்டிலும் வாசித்துப் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்யப் போன இடத்தில், உள்ளறையிலிருந்து டாக்டர் வாசிப்பது காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாற்காலிக்குப் பின்னால் சின்ன அறை, அச்சு எடுத்த பல்வரிசைகளுக்கு நடுவில் ஒரு கீபோர்டு, அதோடு வயரில் சேர்ந்த ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. புது எக்ஸ்ரே மெஷின் வருவதால் இடம் வேண்டும், கொடுத்துவிடுகிறேன் என்றார் டாக்டர். "ஸ்ட்ரிங்ஸ், அதான் வயலின் கூட்டம், அதை மட்டும் கேளுங்க. பெட்டியோட வந்தது இல்ல, ரெண்டு வருஷம் உக்காந்து நானே மாத்தி மாத்திச் செஞ்சது" என்று கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தார்.

வாய் நிறையக் கேலியோடு போயிருந்தேன். அத்தனையும் உள்ளே போய்விட்டது. முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு வில்லை இழுக்கிற மாதிரி இருந்தது. இதன்மேல் என் குரல் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அடிமாட்டு விலைக்கே கொடுத்தார். பேசி முடித்ததும் இவர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியைத் துண்டில் சுற்றிப் பஸ் ஏறினோம். ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் பெட்டி உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து மாட்டினால், சத்தங்கள் இருந்த நூற்றிருபத்தெட்டு இடத்திலும் ஒரே 'பீப்'. ஸ்ட்ரிங்ஸ் இருந்த இடத்திலும் பீப். முகம் பேயறைந்த மாதிரி ஆகி, டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஐயோ, பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா? உள்ள இருக்கற பேட்டரி செத்து ஏழு வருஷமாச்சே. கரண்ட் போனா எல்லாம் அழிஞ்சிடும். அதனாலதான் இன்வெர்ட்டர்லயே போட்டு வச்சு, நான் அணைக்கறதே இல்ல."

"சொல்லியிருக்கலாமே சார்!"

"லிஃப்ட்டையே பிரிச்சுப் போடறவர், உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். அந்தச் சத்தங்களோட காப்பி ஒண்ணு எங்கயோ எடுத்து வச்ச ஞாபகம். தேடறேன்."

தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய செவ்வாய்க்கிழமை காலைதான் கிடைத்தது என்று போன் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.

"அது இல்லாமலே எடுத்துடலாங்க. கொசுவே பாடட்டும், பரவால்ல" என்றேன்.

"ஒரு மணி நேரம். போன காலோட வரேன். நீ தொண்டைக்கு வெந்நீர் குடிச்சிட்டு ரெடியா இரு" என்று சட்டையை மாட்டி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பத்து மணியிலிருந்து மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் கம்ப்யூட்டர், அதன் மூலையில் சிவப்பு வட்டம். அதை அழுத்தினால் பதிவாகும். அழுத்தத் தெரியாதவள் இல்லை நான். மருந்துக்கடையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவள். காலுறை முன்னால் வாயைத் திறந்து பாடியிருந்தால் நான்கு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஏன் பாடவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அந்த ஸ்ட்ரிங்ஸை நானும் கேட்டுவிட்டேன், அதுதான் காரணம். அதன்மேல் பாட வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஊரிலேயே பெரிய முட்டாளைக் கட்டிக்கொண்டேன் என்று ஆறு வாரம் தங்கச்சியிடம் புலம்பியவள், அன்றைக்கு அந்த முட்டாளுக்குச் சமமாக உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு வந்தார். வழியிலேயே ஒரு ரேடியோக் கடையில் புது பேட்டரி வாங்கி, இரவல் கேட்ட சால்டரிங் கம்பியால் பெட்டிக்குள் பற்றவைத்துவிட்டு வந்திருந்தார். மாட்டினார், டாக்டர் கொடுத்த காப்பியை ஏற்றினார், கட்டையை அழுத்தினார். வந்துவிட்டது. டாக்டருடைய அதே சத்தம். நான் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

"இரு, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று திருகினார். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. "ஒரே நிமிஷம்" என்று இன்னும் திருகினார். தங்கச்சி என் பையோடு வந்து, "அக்கா, சேத்துக்க மாட்டாங்க அப்புறம்" என்று கத்தினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. கட்டி சாதுவான கட்டி. நான் அந்தப் பத்தில் ஒருத்தி. பாடிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குப் பின்னறையில் இவர் பக்கத்திலேயே இருந்தார். பல்லவி வந்தது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. இவர் சுவரில் இருந்த மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான்தான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

மறுநாள் காலை டீ டம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாத்தேன். சுருதியை ரெண்டு கட்டை இறக்கிட்டா உனக்குச் சிரமமே இருக்காது" என்றார். ஒரு நிமிஷம் மனசு இளகிப்போனது எனக்கு. "ஆனா அந்த சுருதியில இந்த ஸ்ட்ரிங்ஸ் கொஞ்சம் கனமா விழும். லேசா வேற ஒண்ணு பாக்கணும். ஒருத்தர் விக்கறதா போட்டிருக்கார்…"

டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "ஆறு வாரம்! பதினோரு வருஷம்! ஊர்ல இருக்கற தகரத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்டீங்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் பாடச் சொல்லிக் கேக்கத் தோணலையா உங்களுக்கு?" கடைசி வார்த்தையில் கத்தினேன். கத்தல் பாதியில் உடைந்து காற்றாகப் போனது.

இவர் எழுந்து பின்னறைக்குப் போனார். ஒரே ஒரு கட்டையை மெதுவாக அழுத்தும் சத்தம் கேட்டது. என் கத்தல் உடைந்த ஸ்வரம் அச்சாக அதுதான். அவர் காது என்றைக்கும் தப்பியதில்லை.

"உன் குரல் இங்கதான் நிக்குது" என்றார் உள்ளேயிருந்து, அவர் குரலும் சரியில்லாமல்.

எங்கள் பாட்டில் அந்த ஸ்வரம் மூன்று தடவை வரும்.