ஒன்றரை நிமிடம் பிந்திய கோல்

பொய் சொல்வதென்று முடிவெடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

பங்குனியில் அத்தானுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோது, அக்கா ஞானேஸ்வரி சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவர்களுடைய மகன் பானுஜன் மெல்பேர்னில் மேற்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தான்.

"அவனுக்கு ஒரு சொல்லும் போகக்கூடாது," என்றேன். "ஆனியில சோதனை. தெரிஞ்சால் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடிவருவான்."

ஓடிவந்தால் என்ன என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. அக்காவின் மகள் யதுஷா மட்டும், "அண்ணாவுக்கு இருபத்தாறு வயசு, சித்தி," என்றாள். வாயை மூடு என்றேன். அத்தானும் என் பக்கம்தான் நின்றார். தூரத்தில் தனியே இருக்கிறவருக்குக் கெட்ட செய்தியை மறைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அத்தானின் கன்னம் ஒட்டத் தொடங்கியதும் தொலைபேசியின் கமரா பழுது என்றோம். ஆஸ்பத்திரி மெஷின் பின்னால் கீச்சிட்டபோது அது மைக்ரோவேவ் என்றேன். ஒரு பொய்யும் என்னிடம் தடுமாறவில்லை. நான் இருந்த ஊரான ஓர்லிகோனில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துவிட்டு, ஓய்வு கிடைத்த நாளெல்லாம் ரயிலேறி, அக்கா குடும்பம் இருந்த வில் என்ற ஊருக்கு ஓடினேன். பொய்யையும் நானே தூக்கிச் சுமந்தேன்.

சனிக்கிழமை மட்டும் அத்தான் உசாராக இருப்பார். அன்றைக்கு அவுஸ்திரேலியக் கால்பந்து. பானுஜனுக்கு அங்கே போய்ப் பிடித்த பைத்தியம் அது. அவன் தன் அறையில் டிவியில் பார்ப்பான், அத்தான் இங்கே டப்லெட் திரையில் இணையத்தில் பார்ப்பார், இரண்டு பேரும் தொலைபேசியில் கதைத்தபடி இருப்பார்கள். முட்டை வடிவ மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்திக் கொடுக்கலாம். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரத்துக் குட்டைக் கம்பத்துப் பக்கம் விலகிப் போனால் ஒரே ஒரு புள்ளி. "கிளித்தட்டையும் அடிதடியையும் கலந்து வைச்சிருக்கிறாங்கள்," என்பார் அத்தான்.

டப்லெட்டில் படம் ஒன்றரை நிமிடம் பிந்தித்தான் வரும். அதனால் ஒவ்வொரு கிழமையும் ஒரே சண்டை. பானுஜன் அங்கே "கோல்!" என்று கத்துவான். அத்தான் இங்கே கொதிப்பார்.

"சொல்லாதையடா! எனக்கு இன்னும் வரேல்லை!"

கடைசிப் பத்து நாளும் அவரால் கதைக்க முடியவில்லை. அப்பாவுக்கு இரவு வேலை, இப்போது நித்திரை என்று அவனுக்குச் சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு டொக்டர் பெண் எங்களை வெளியே கூப்பிட்டாள். மகன் கதைக்க வேண்டுமென்றால் இன்றைக்கே கதைக்கட்டும், நாளைக்கென்று வைக்காதீர்கள் என்றாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

பானுஜனுக்கு எடுத்தோம். மணி அடித்து அடித்து நின்றது. செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. அதற்குள் தலையை ஆறவைக்க மைதானத்துக்கே மட்ச் பார்க்கப் போவதாக முதல் நாள் சொல்லியிருந்தான். அக்கா "அவசரம், உடன எடு" என்று எழுதி அனுப்பினாள்.

அரை மணி கழித்துப் பதில் வந்தது. "சாப்பிட்டனான் அம்மா. மட்ச் முடிய எடுக்கிறன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய பழக்கம் அப்படி. ஒவ்வொரு நாளும் "அவசரம், உடன எடு" என்று எழுதுவாள். அவன் பதறி எடுத்தால், "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்பாள். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை.

"அப்பா சாகப்போறார் எண்டு எழுதுறன்," என்றாள் யதுஷா.

அக்கா தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். "அத்தினை சனத்துக்கு நடுவில நிண்டு என்ர பிள்ளை அதை வாசிக்கிறதோ? பக்கத்தில பிடிக்க ஆர் இருக்கினம்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

"முடிய எடுப்பான்தானே," என்றேன். "பொறுப்பம்."

பொறுத்தோம். இல்லை, பொறுக்க முடியவில்லை. யதுஷா விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மணிகூட அடிக்கவில்லை, எங்கள் அழைப்பை நிறுத்திவைத்துவிட்டான் போல. அத்தானின் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் எண்ணத் தொடங்கினேன். எட்டு. பதினொன்று. தாதி வந்து அவருடைய உதட்டை நனைத்தாள். கேட்கும் சக்தி கடைசிவரை இருக்கும், கதையுங்கள் என்றாள். என்னத்தைக் கதைக்கிறது? யதுஷா டப்லெட்டை மேசையில் நிறுத்தி மட்சைப் போட்டாள். அந்த இரைச்சலுக்கு அத்தானின் கண் பாதி திறந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயத்தில் யன்னல் திரையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

பானுஜனின் அணி அந்த ஆண்டு வாங்கிக்கட்டாத அடி இல்லை. அன்றைக்கும் நாலு புள்ளி பின்னுக்கு நின்றது. கடைசிக் கட்டம். எனக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது. சீக்கிரம் தோற்றுத் தொலையுங்கடா, பிள்ளை வெளியே வரட்டும் என்று மனதுக்குள் திட்டினேன்.

படத்தில் இன்னும் ஒன்றேகால் நிமிடம் மிச்சம் இருந்தபோது அக்காவின் தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அக்கா பாய்ந்து எடுத்தாள்.

முதலில் ஒரே கூச்சல். பிறகு பானுஜனின் முகம், நீலச் சால்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. பின்னால் சனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தது. யாரோ ஒரு கிழவன் அவன் தலையைப் பிடித்து முத்தமிட்டான்.

"அம்மா! அப்பாவை எழுப்புங்கோ! இப்பிடி ஒரு கோல் சரித்திரத்திலயே இல்லை! அப்பா பாத்தவரோ?"

"தம்பி..." என்று மகனைக் கூப்பிட்டாள் அக்கா. தொலைபேசியை அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பானுஜன் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது.

"அது ஆரம்மா?" என்று கேட்டான்.

பெற்ற தகப்பனை ஆரென்று கேட்கவைத்துவிட்டேன். நான்தான் செய்தேன்.

"அது அப்பா," என்றாள் யதுஷா. "கான்சர். நாலு மாசம். இப்ப கதை அண்ணா, நேரமில்லை!"

அவனைச் சுற்றி எல்லோரும் துள்ளினார்கள். தோளில் தட்டினார்கள். யாரோ பியரைத் தலைக்கு மேலே வீசினார்கள். அவன் அசையவில்லை. பிறகு அந்த இரைச்சலுக்கு மேலாக அடித்தொண்டையால் கத்தினான்.

"அப்பா! உங்களுக்கு இன்னும் வரேல்லை, என்ன? நான் சொல்லமாட்டன். பொறுங்கோ அப்பா. இப்ப வரும். கண்ணை மூடாதேங்கோ!"

டப்லெட்டில் பந்து எதிரணி கோல் போடும் பக்கத்தில், பானுஜனின் அணி உதைக்கவேண்டிய கம்பங்களுக்கு ஆகத் தூரத்தில் கிடந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் அதை எடுத்தான். அத்தான் மூச்சை இழுத்தார். நான் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பந்து ஒருவனிடமிருந்து இன்னொருவனிடம் போனது. கை, கை, கால், பிறகும் கை. ஒன்பது, பத்து. ஒருவன் விழுந்துகொண்டே பந்தைத் தட்டிவிட்டான். "பொறுங்கோ அப்பா, பொறுங்கோ," என்று தொலைபேசிக்குள் அவன் கெஞ்சினான். பதினைந்து. மூச்சு வரவில்லை. அக்கா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு. மூச்சு வந்தது. ஒரு சின்னப் பெடியன் ஓடிக்கொண்டே உதைத்தான். பந்து உயரக் கம்பங்களுக்கு நடுவாலே போனது.

மைதானமே எழும்பியது. ஒன்றரை நிமிடத்துக்கு முந்திய அந்தக் கூட்டத்தில் எங்கோ பானுஜனும் துள்ளிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. எங்களுக்குத்தான் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தான்.

அத்தானின் கண் அந்தப் படத்தில்தான் இருந்தது. என் உள்ளங்கைக்குள் அவருடைய சுட்டுவிரல் ஒருமுறை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது. அடுத்த மூச்சுக்காக நான் எண்ணினேன். நாற்பதுவரை எண்ணினேன். தாதி வந்து என் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

அக்கா கட்டிலில் விழுந்து குழறி அழுதாள். நழுவிய தொலைபேசியை நான் எடுத்தேன். பானுஜன் நின்ற இடத்திலேயே நின்றான். சனம் இன்னமும் பாடிக்கொண்டிருந்தது.

"சித்தி," என்றான். "அப்பா பாத்தவரோ?"

"ஓம் ராசா. கோல் போகேக்க கண் திறந்துதான் இருந்தவர். என்ர கையை அமத்தினவர். முழுக்கப் பாத்திட்டுத்தான் போனவர்."

நாலு மாதத்தில் நான் அவனுக்குச் சொன்ன முதல் உண்மை அது.

அவன் என்னையே பார்த்தான். கன்னத்தில் யாருடையதோ பியர் வழிந்தது.

"பொய் சொல்லாதேங்கோ சித்தி," என்றான். "யதுஷாவிட்டக் குடுங்கோ."