நாலாவது மூலை

ஃபைல் போய்ச் சேர்ந்ததற்கான இரட்டை டிக் விழுந்ததும் வைஷ்ணவி லேப்டாப்பை ஓரமாக நகர்த்திவிட்டுக் கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு வாரமாக வாங்கிய திட்டுக்கு இன்றைக்கு முடிவு கட்டியாகிவிட்டது.

பசியாவரத்தில் வீட்டில் இருந்தபடியே அவள் படம் வரைவாள். ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டுப் படகுத்துறையை ஒட்டிய கொட்டகையில், அவள் கணவன் ராஜவேலு அதை மெஷினில் வெட்டுவான். ஜன்னலுக்குத் துளை வைத்த ஜாலித் தட்டி, கதவுக்குப் பூவேலை, மண்டப மேடைக்கு எழுத்து. ஃபைலில் கோடு எப்படிப் போகிறதோ அப்படியே மெஷினின் வெட்டுமுனையான பிட் சுழன்றுகொண்டு ஓடும், பலகை அறுபடும். மெஷினின் முதலாளி ஜலாலுதீன் பாய்.

"உன் பூவு வாய மூடாம நிக்குதும்மா," என்று பாய் போன வாரம் போனில் சலித்துக்கொண்டார். "இதழு முனை ரெண்டும் சேரல. இன்னொரு எடத்துல ஒரே கோட்டு மேல இன்னொரு கோடு. பிட்டு ரெண்டு தபா ஓடி பலகை கருகிப் போச்சு. சுத்தமா அனுப்பு."

அதனால்தான் இன்று காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பூட்டி வைத்திருந்த லேயர்களையெல்லாம் திறந்தாள். படத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் வெட்டுக்கோடாக மாற்றினாள். இரட்டைக் கோடுகளை அழித்தாள், விட்டுப்போன முனைகளை ஒட்டவைத்தாள். பல நிறங்களில் கிடந்ததை ஒரே கறுப்பாக்கி, ஒரே லேயரில் போட்டு அனுப்பினாள். எங்கேயும் ஒரு பிசிறு கிடையாது.

கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்த மாலா திரையைப் பார்த்து நின்றாள். அவள் ராஜவேலுவின் தங்கை, பக்கத்து வீடு.

"இன்னா அண்ணி, பூவும் கொடியுமா போட்டுகினு வந்து மூலைல கைய வரைஞ்சி வச்சிருக்க. கட்சி ஆபீஸு ஜன்னலா?"

"அது உங்க அண்ணன் கைடி," என்று வைஷ்ணவி நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "வருஷக்கணக்கா அங்கதான் கீது. அது சேப்புக் கோடு, வெட்டாது."

"சேப்பா? எனக்குக் கறுப்பாத் தெரியுது."

வைஷ்ணவி எழுந்து வந்து பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்காற்று ஈரத்தில் மெல்லிய பலகைகள் வளைந்துவிடும். மூன்று மூலைகளை மேசையோடு சேர்த்துத் திருகிவிடலாம். நாலாவது மூலையில் மேசையே தேய்ந்து பள்ளம், திருகு பிடிக்காது. அங்கே ராஜவேலு இடது உள்ளங்கையை வைத்து, வெட்டி முடியும்வரை அழுத்திப் பிடித்திருப்பான். வேண்டாம் என்று பாய் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். வைஷ்ணவிக்கு மட்டும் பயம் ஓயவில்லை. ஒரு நாள் அவன் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு படத்திலும் அந்த மூலையில் சிவப்பில் போட்டுப் பூட்டி வைத்தாள். எந்தப் பூவும் கொடியும் அந்தக் கையின் பக்கம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கையும் வெட்டுக்கோடு. மணிக்கட்டில் திறந்திருந்த இடத்தைக்கூட அவளே ஒட்டி மூடியிருந்தாள். படத்திலேயே சுத்தமான கோடு அதுதான்.

"மாலா, உங்க அண்ணனுக்குப் போன் போடு."

"இன்னா ஆச்சு?"

"போடு சொல்றேன்ல."

மணி அடித்து அடித்து நின்றது. தூசுக்குப் பயந்து அவன் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவான். மெஷின் இரைச்சலுக்குக் காதில் பெரிய காதடைப்பான் வேறு. வைஷ்ணவி பாய்க்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப். வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம்.

திரையில் கையைப் பார்த்து அவனாவது சந்தேகப்படுவானா? மாட்டான். அவள் அனுப்பும் எல்லாப் படத்திலும் அந்தக் கை உண்டு. கை இல்லாவிட்டால்தான் அவனுக்குச் சந்தேகம் வரும்.

கரண்ட் போயிருக்கக் கூடாதா என்று அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ அடிச்சிகினே இரு," என்று மாலாவிடம் சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினாள்.

படகுக்காரர் ஜேம்ஸ் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜேம்ஸண்ணே, அக்கரைக்கு."

"இரும்மா, இன்னும் ரெண்டு பேரு வரட்டும்."

"எங்க வூட்டுக்காரரு கை போயிடும் அண்ணே."

ஜேம்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பீடியைத் தண்ணீரில் போட்டுவிட்டு இன்ஜினை இழுத்தார்.

பாதி ஏரிவரை படகு ஒழுங்காகப் போனது. முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் வற்றியிருந்தது. இன்ஜின் சேற்றைக் கிளறி இருமியது. ஜேம்ஸ் அதை அணைத்துத் தூக்கிவிட்டுக் கழியை எடுத்து ஊன்றினார்.

இன்ஜின் சத்தம் அடங்கியதும் அது கேட்டது. கரையிலிருந்து தண்ணீர்மேல் மெல்லிசாக, கொசு காதுக்குள் புகுந்ததுபோல ஒரு கீச்சு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. பிட் பலகையில் இறங்கும்போது கனக்கும், தூக்கும்போது மெலியும். ஒரு பூ முடிந்தது. அடுத்த பூ. மெஷின் எதிர் மூலையில் தொடங்கி வரிசையாக வரும். கை வைக்கும் மூலைக்குக் கடைசியில்தான் வரும். கடைசிப் பூவை வெட்டும்போது பிட் அவன் கைக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அதனால் அது நெருங்கி வருவதைப் பார்த்தாலும் அவன் கையை எடுக்க மாட்டான்.

சத்தம் கனத்தது. மெலிந்தது.

"இன்னும் வேகமா அண்ணே."

"சேறும்மா. கழி உள்ள போனா வெளிய வர மாட்டேங்குது."

அவள் குதித்துவிட்டாள். முழங்காலுக்கு மேல் சேறு. புடவையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள். சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. நடுவில் ஒருமுறை சத்தம் அடியோடு நின்றது. அவளும் நின்றாள். அலறல் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றாள். மறுபடி கீச்சு தொடங்கியது. கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அழுதுகொண்டே கரையேறினாள்.

கொட்டகை வாசலில் அவன் முதுகு தெரிந்தது. இடது கை மூலையில் விரிந்து கிடந்தது. கண் எதிர் விளிம்பில், பலகை அங்கே தூக்குகிறதா என்று. பிட் கடைசிப் பூவில் இருந்தது.

கத்தினால் கேட்காது. தோளைத் தொட்டால் திடுக்கிடுவான், கை எந்தப் பக்கம் இழுபடுமோ. மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டன் மேசைக்கு அந்தப் பக்கம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூ முடிந்து பிட் மேலே எழும்பியது. வழக்கம்போல் திரும்பாமல், பக்கவாட்டில் நகர்ந்து அவன் மணிக்கட்டருகே இறங்கியது. மரத்தூள் பறந்தது.

கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். வைஷ்ணவி இரண்டு கையாலும் அதன் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

விளக்கு அணைந்தது. பிட் மேலே நகராமல் நின்று, சுழலும் வேகம் குறைந்து குறைந்து ஓய்ந்தது.

"போச்சுடா, கரண்ட்டு," என்று சொல்லிக்கொண்டே ராஜவேலு காதடைப்பானைக் கழற்றித் திரும்பினான். இடுப்புவரை சேறோடு நிற்பவளைப் பார்த்து, "ஏய், இன்னா இது, நண்டு புடிக்கப் போனியா?"

அவள் மூலையைக் காட்டினாள். அவன் கையை எடுத்தான். மணிக்கட்டு இருந்த இடத்தை ஒட்டி ஒரு வெட்டு தொடங்கி, சுண்டுவிரல் பக்கமாக வளைந்து நின்றிருந்தது. தோலுக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடம்கூட இருந்திருக்காது. பென்சிலை அவன் தோலோடு ஒட்டி வைத்துத்தானே அவள் அன்றைக்கு வரைந்தாள்.

"நான்தான் அனுப்பிட்டேன்," என்றாள். "எல்லாத்தையும் சேத்து சுத்தம் பண்ணிட்டேன்."

ராஜவேலு சிரிக்கப் பார்த்தான். "சரி வுடு, ஒண்ணும் ஆவலயே. மெயினப் போடு, பலகைய மாத்திட்டு மறுபடி ஓட்டலாம்."

"போட மாட்டேன்."

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த ஜலாலுதீன் பாய், சுவிட்சை மறைத்து நிற்பவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "யா அல்லாஹ்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போனவர், நீளமான இரும்புப் பட்டை ஒன்றோடு வந்தார். நாலாவது மூலைக்குக் குறுக்கே அதைப் போட்டு, மேசைக் காலோடு சேர்த்து முடுக்கினார். வைஷ்ணவி கொட்டகை லேப்டாப்பை நின்ற இடத்துக்கே வாங்கி, கை வரைந்த கோட்டை நீக்கிய ஃபைலைத் தயார் செய்து, ஒவ்வொரு கோட்டையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் சுவிட்சை விட்டு நகர்ந்தாள். அதுவும் ஒரே ஒரு எட்டுதான்.

மெஷின் ஓடத் தொடங்கியது. புதுப் பலகை அசையவில்லை. முதல் பூ முடிந்தது.

இரண்டாவது பூவில் பலகை லேசாக அதிர்ந்தது. எதிர் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜவேலுவின் இடது கை எழும்பி, மேசைமேல் ஊர்ந்து, இரும்புப் பட்டையைத் தாண்டி மூலைக்குப் போய் விரிந்தது.

வைஷ்ணவி மெயினை இழுத்தாள்.

ராஜவேலு குனிந்து தன் கையைப் பார்த்தான். அது எப்போது அங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு வாரில் செருகிக்கொண்டான். 

"வைஷு," என்றான் திரும்பாமலே. "நீ அங்கயே நில்லு. வூட்டுக்குப் போவாத."