உள்பக்கத்துக் கீறல்

சூளகிரி தொழிற்பேட்டையின் கடைசி ஷெட் வாசலில் எஸ்லின் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடும்வரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். எதிரே டீக்கடையில் அவள் கணவன் ரோஷன் வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அவன் சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். பையை நேற்றே கட்டியாயிற்று. எஸ்லினுக்கு இங்கே ஆறு மாதத்துக்காவது வேலை நிலைத்தால் அவன் ஓசூரிலேயே கிடைத்ததைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவதாகப் பேச்சு. இல்லையென்றால் மாதம் ஒருமுறைதான் வருவான்.

இருவரும் ஒரே துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அங்கேதான் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கம்பெனி திவாலாகி, சென்ற மாதம் ஏலத்தில் துண்டு துண்டாகப் போனது. 'மைனா' என்ற ஏர்கன் பெயரை டெல்லிக்காரர்கள் எடுத்தார்கள். 'வேங்கை' என்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியின் பெயரையும், பாதியில் நின்றுபோன முந்நூறு துப்பாக்கிகளையும் புனேக்காரர்கள் எடுத்து இந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

பழைய சூப்பர்வைசர் நவீன்குமார் வந்து அவளை உள்ளே அழைத்துப் போனான். இப்போது அவனுக்குப் புனேக்காரர்களிடம் வேலை. நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். பாகங்களைப் பூட்டினால் சில துப்பாக்கிகளில் விசை இறுகிக்கொள்கிறது, சில லேசாகத் தட்டினாலே தானாக விடுபடுகின்றன. பத்து நாளாக ஒன்றுகூடச் சோதனையில் தேறவில்லை.

மேசைமேல் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் விரலால் இழுக்கும் விசைகள், ஒன்றில் தோட்டாவை அடிக்கும் சுத்தியல்கள், ஒன்றில் அந்தச் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகள். பார்த்ததும் எஸ்லினுக்குப் புரிந்துவிட்டது.

"டப்பாவெல்லாம் கொட்டிட்டாங்களா?"

"ஏலத்துக்குக் கணக்கெடுக்க வந்தவங்க வகைவகையா பிரிச்சி வெச்சிட்டாங்கக்கா. அவங்களுக்கு என்னா தெரியும்?"

ஒரு துப்பாக்கியின் விசையும் கொக்கியும் சுத்தியலும் ஒன்றோடொன்று பொருந்தும்படி கையால் அரம் போட்டு, ஒரே டப்பாவில் வைப்பதுதான் பழைய கம்பெனியில் எஸ்லின் போன்றவர்களின் வழக்கம். ஒன்றின் கொக்கி இன்னொன்றுக்கு உட்காராது. மூன்றையும் சேர்த்துப் பிடித்து உள்பக்கத்தில் அடையாளம் போடுவார்கள். எஸ்லின் மூன்று பாகங்களிலும் தொடரும்படி ஒரு சாய்ந்த கீறல் இழுப்பாள். ஒவ்வொன்றின் சாய்வும் வேறு. டிராயிங்கில் இல்லாத கீறல் என்று ஆபீஸில் திட்டியதால், வெளியே தெரியாத இடத்தில் போட்டுவந்தார்கள்.

அவள் கொக்கிகளைக் கிளறி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விசைகளில் தேடினாள், பிறகு சுத்தியல்களில். புனேயிலிருந்து வந்த மேனேஜர் இரண்டு முறை மணி பார்த்தார். இருபது நிமிடம் கழித்து மூன்றையும் சேர்த்துப் பிடித்தாள். கீறல் முறியாமல் ஓடியது. நவீன்குமார் அவற்றைத் துப்பாக்கியில் பூட்டி விசையை இழுத்தான். சுத்தமான ஒரே சொடுக்கு. மறுபடி சுத்தியலை ஏற்றி மரக்கட்டையால் தட்டினான், விடுபடவில்லை.

மேனேஜர் இந்தியில் ஏதோ கேட்டார், நவீன்குமார் தமிழில் சொன்னான். டிராயிங், பெயர், புலி முத்திரை எல்லாம் வாங்கியிருக்கிறோம், இந்தக் கீறல் எந்தக் காகிதத்திலும் இல்லையே என்கிறாராம்.

"எப்படி இருக்கும்?" என்று எஸ்லின் நவீன்குமாரைப் பார்த்தாள். "கீறாதீங்கன்னு எனக்கு மெமோ குடுத்ததே நீங்கதானே சார்?"

அவன் சிரித்துத் தலையைச் சொறிந்தான். "அத இப்ப எதுக்குக்கா."

மேனேஜர் பத்து நாள் வேலை தருவதாகச் சொன்னார். அவளுக்கு மட்டும். எஸ்லினுக்கு ரோஷனின் பை நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்து வேறொரு கொக்கியை எடுத்து நவீன்குமாரின் உள்ளங்கையில் வைத்தாள். அதில் கீறல் இல்லை. மூன்று சிறு புள்ளிகள் இருந்தன.

"இது மாதேஸ்வரி போட்டது. அவ லீவுல இருந்தப்ப நான் ஒருவாட்டி சேத்துப் பாத்தேன், முடியல. நஞ்சம்மாது வேற, மாரம்மாது வேற. அஞ்சு பேரு நாங்க. என்னால அறுவதுதான் தேறும். மீதிய எடைக்குப் போடுவாரான்னு கேளுங்க."

அதைச் சொல்ல நவீன்குமார் கொஞ்சம் தயங்கினான். பிறகு சொன்னான்.

எஸ்லின் மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "அஞ்சு பேருக்கும் ஆறு மாசம். பழைய சம்பளம். எழுத்துல வேணும்."

மேனேஜர் எழுந்து போய் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, ஆறு மாதக் கான்ட்ராக்ட்தான், ஆனால் ஐந்து பேருக்கும், என்றார்.

வெளியே வந்தபோது டீ ஆறிப்போன கிளாஸோடு ரோஷன் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"பையப் பிரிச்சிடலாமா எஸ்லி?"

"சட்டையெல்லாம் கசங்கியிருக்கும். நீங்களே தேச்சிக்கங்க."

திங்கட்கிழமை காலை ஐந்து பெண்களும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பழைய தொழிற்சாலையின் புலிப் பலகையைக் கழுவித் துடைத்து வாசலுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். காவலாளி நோட்டைத் திருப்பி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். வேலைக்கு என்றாள் எஸ்லின். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு அட்டை இன்னும் வரவில்லை என்று சொல்லி, 'விசிட்டர்' என்று எழுதிய சிவப்பு அட்டைகளை எண்ணிக் கொடுத்தார்.

"சாயந்தரம் போகும்போது திருப்பிக் குடுத்துடணும்."

மாதேஸ்வரி தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். எஸ்லின் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்தானையில் சுற்றிவைத்திருந்த தன் அரத்தை எடுத்தபடி புலிக்குக் கீழே உள்ளே நடந்தாள்.