ஜூனி கேட்ட சத்தம்

குதிரை ஏற்றும் டிரெய்லர் வண்டியின் வாசலில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு ஜூனி நின்றுவிட்டது. வெர்னா கயிற்றைத் தளர்த்திப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பேச்சுக் கொடுத்தாள், ஓட்ஸ் வாளியைக் குலுக்கிக் காட்டினாள். குதிரை அசையவில்லை. மூக்குத் துவாரம் விரிந்திருந்தது. குளிர்காற்று அடிக்கும் காலையில் அதன் தோளிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தாலே தானாக ஏறி நிற்கும் குதிரை அது. பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை ஓட்டும் பந்தயங்களுக்காகத் தெற்கு டகோட்டா மாநிலம் முழுக்க அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள் வெர்னா. வழியெல்லாம் நின்றபடியே தூங்கி வரும். இன்று பந்தய மைதானத்தில் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். இவர்கள் இன்னும் வீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை.

வேலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த டெல்மர், "உள்ள சத்தம் ஜாஸ்தி வெர்னா. அதான் அவளுக்குப் பிடிக்கல" என்றான்.

"இத்தனை வருஷம் பிடிச்சுதே. நீ ஓட்டிட்டுப் போய்ட்டு வந்தப்புறம்தானே பிடிக்காமப் போச்சு?"

அவன் மிச்சக் காப்பியைப் புல்லில் ஊற்றிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனான்.

டெல்மர் அவள் கணவன் ஓரனின் தம்பி. குடியால் வேலை போய், மனைவி போய், ஓட்டுநர் உரிமமும் ஒருமுறை போய், பனி உருகும் காலத்தில் ஒரு பையோடு வந்து இறங்கினான். குடியை விட்டுவிட்டேன் என்றான். ஓரன் நம்பினான். தம்பியாயிற்றே. வெர்னா மட்டும் அவன் கழுவி வைத்த கோப்பையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அவன் பிக்கப் வண்டியின் இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவாள். இதுவரை எதுவும் அகப்படவில்லை. அகப்படாததும் அவளுக்கு நிம்மதி தரவில்லை. ஒளித்து வைப்பதில் தேறிவிட்டான் என்றுதான் தோன்றியது.

போன மாதம் ஜூனியின் கூரேறிய பற்களை அரத்தால் ராவ வேண்டியிருந்தது. அன்று வெர்னாவுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. டெல்மர்தான் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போனான். மாலையில் வந்து பார்த்தபோது குதிரையின் முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு, "எங்கயாவது இடிச்சுக்கிட்டிருப்பா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்துதான் டிரெய்லரைக் கண்டால் ஜூனிக்கு நடுக்கம்.

"அவன் அவளை அடிச்சிருக்கான்" என்றாள் வெர்னா, மதியச் சாப்பாட்டின்போது.

ஓரன் உருளைக்கிழங்கை மசித்தபடி, "டெல்மர் பண்ணாத தப்பு கிடையாது. ஆனா மிருகத்து மேல கை வச்சதில்ல" என்றான்.

"குடிச்சா யார் என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"குடிச்சதை நீ பார்த்தியா?"

"முழங்காலைப் பார்த்தேனே."

ஓரன் உப்பை நகர்த்தி வைத்தான்.

அதன்பின் வெர்னா அவனைக் கண்காணிக்கத் தொடங்கினாள். ஜூனியின் உடம்பு முழுக்க விரலால் தடவித் தழும்பு தேடினாள். ஒன்றுமில்லை. டெல்மர் கிட்டே போனால் குதிரை ஒதுங்குகிறதா என்று பார்த்தாள். அது ஒதுங்காமல் அவன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துத் தின்பண்டம் தேடியது. அதையும் அவளால் நல்லவிதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சர்க்கரை கொடுத்து வசப்படுத்துகிறான் என்று நினைத்தாள்.

ஒரு நாள் மதியம் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது, டெல்மர் கையில் எதையோ சுருட்டி மறைத்துக்கொண்டு டிரெய்லருக்குள் ஏறினான். சுற்றுமுற்றும் பார்த்தான். கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டான். வெர்னா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். புட்டியோடுதான் இருப்பான் என்று நினைத்துக் கதவைப் படாரென்று திறந்தாள்.

டெல்மர் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் கத்தி. பக்கத்தில் பழைய சைக்கிள் டியூப் ஒன்று துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. குதிரைகளைப் பிரிக்கும் நடுத்தடுப்பின் தாழைக் கழற்றி, அதற்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என் வண்டியில என்ன பண்ற?"

"தாழ் ஆடுது. ஆடுனா தடுப்பு மொத்தமும் தடதடங்குது. ரப்பர் சுத்தினா அடங்கிடும்."

"இதைப் பண்றதுக்குக் கதவைச் சாத்தணுமா? திருட்டுப்பய மாதிரி?"

"திறந்து வச்சா நீ வந்து கேப்ப. இப்ப கேக்குற மாதிரி."

வெர்னா தாழைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். லேசாக வளைந்திருந்தது. முன்பு இது வளைந்திருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

"சத்தம் சத்தம்னு சொல்லிட்டே இருக்க. சரி, அவ நிக்கிற இடத்துல நான் நிக்கிறேன். நீ ஓட்டு. அன்னைக்கு எப்படி ஓட்டுனியோ அப்படியே."

"வேணாம் வெர்னா."

"ஏன் வேணாம்? நான் கேக்கக்கூடாதது ஏதாவது உள்ள இருக்கா?"

ஓரன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து, ஆள் ஏறும் வண்டியில்லை அது, சட்டப்படியும் தப்பு என்றெல்லாம் சொன்னான். நம் நிலத்துக்குள்தானே என்று அவள் உள்ளே போய்விட்டாள். டெல்மர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு கதவைத் தாழிட்டான். தாழ் விழும் ஓசை உள்ளே கேட்டது. தான் நம்பாத ஒருவன் தன்னைப் பூட்டிவிட்டுச் சாவியோடு முன்னால் போகிறான்.

வண்டி கிளம்பியது. முற்றத்தைத் தாண்டுமட்டும் ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலத்தின் சரளைப் பாதையில் ஏறியதும் சத்தம் ஆரம்பித்தது. நடுத்தடுப்பு சுவரில் மோதியது. ஜன்னல் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. கூரையின் காற்றுமூடி படபடவென்று அடித்தது. முன்னறையில் சேணம் மாட்டும் தாங்கிகளும் வாளிகளும் சேர்ந்து உருண்டன. அலுமினியச் சுவர் ஒவ்வொரு சத்தத்தையும் வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. சத்தம் காதில் மட்டும் கேட்கவில்லை. பல்லில், நெஞ்செலும்பில், உள்ளங்காலில் கேட்டது. ஜூனியைப்போலத் தன்னையும் கட்டிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் போதும் என்றாகிவிட்டது.

"நிறுத்து!" என்று கத்தினாள். வண்டி நிற்கவில்லை. சுவரைக் கையால் அறைந்தாள். "டெல்மர்! நிறுத்துடா!" இன்னும் வேகமாகப் போவதுபோல் இருந்தது. வேண்டுமென்றே செய்கிறான். எனக்குப் பாடம் கற்பிக்கிறான். தடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஓரன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானா என்று ஆத்திரப்பட்டாள்.

வண்டி ஒரு சுற்றுச் சுற்றி முற்றத்துக்கு வந்துதான் நின்றது. கதவு திறந்ததும் அவள் பாய்ந்து இறங்கினாள்.

"நான் கத்துனேன்! சுவரைத் தட்டுனேன்! ஏன் நிறுத்தல?"

டெல்மர் திகைத்துப் பார்த்தான். "கத்துனியா? எனக்குக் கேக்கலயே. தடதடன்னு இருந்துச்சு, எப்பவும்போல."

பொய் சொல்கிறானா என்று அவன் கண்ணையே பார்த்தாள். தெரியவில்லை. ஆனால் ஜூனி உள்ளே நின்று அலறியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது என்பது மட்டும் அவளுக்கு உறைத்தது.

"சரி. சரிபண்ணுவோம். ஆனா நானும் கூட இருப்பேன்" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் இருவரும் டிரெய்லரிலேயே கிடந்தார்கள். தாழ்களுக்கெல்லாம் டியூப் ரப்பர் சுற்றினார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பஞ்சு உறையைப் பிளந்து தடுப்பின் விளிம்பில் ஒட்டினார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்தார்கள். காற்றுமூடிக்குப் புது திருகு. தொங்கும் சங்கிலியைப் பழைய தோட்டக் குழாய்க்குள் நுழைத்தார்கள். தரை ரப்பர் விரிப்பைத் தூக்கிக் கழுவி, மடிந்திருந்த ஓரத்தை வெட்டிச் சரியாகப் படிய வைத்தார்கள். வாளிகள் பிக்கப்புக்கு மாறின.

டெல்மர் முடுக்கிய ஒவ்வொரு திருகையும் வெர்னா தன் ஸ்பேனரால் மறுபடி முடுக்கிப் பார்த்தாள். அவன் கண்டுகொள்ளாததுபோல் இருந்தான். ஒருமுறை மட்டும், "நாசா ராக்கெட்டுக்குக்கூட இவ்வளவு பார்க்கமாட்டாங்க" என்றான்.

"ராக்கெட்டை நீ ஓட்டுனதில்லையே" என்றாள் அவள். இருவருமே கொஞ்சம் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக வெர்னாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இவன் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறான்? யாருமே கேட்காத வேலையை ஒரு மனிதன் இப்படி இழுத்துப்போட்டுச் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

வேலை முடிந்ததும் மறுபடி உள்ளே ஏறினாள். இந்த முறை ஓரனை ஓட்டச் சொன்னாள். டெல்மர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அதே சரளைப் பாதை. சக்கரத்தின் இரைச்சலும் காற்றும் தவிர உள்ளே அமைதி. தடுப்பு மோதவில்லை. கம்பி உரசவில்லை. அடடா என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

அப்போதுதான் அது கேட்டது. டொக். பாதையின் அடுத்த குழியில் மீண்டும் டொக். இடது காலுக்கு நேர் கீழே, தரைக்கு அடியிலிருந்து. பெரிய சத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விரிப்பு வழியாக உள்ளங்காலில் ஓர் உதை. ஜூனி இடது பக்கத்தில்தான் நிற்கும். முன்பிருந்த இரைச்சலில் இது அடியோடு மூழ்கிப்போயிருந்தது.

சுவரைத் தட்டினாள். வண்டி உடனே நின்றது.

அவள் இறங்கி, மண்ணில் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு அடியில் நகர்ந்தாள். பின்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியில் பாதிக்கு மேல் விரிசல் ஓடியிருந்தது. விரல் நுழைகிற அளவு. அதற்குப் பக்கத்தில் சட்டம் நசுங்கி, நசுங்கிய இடத்தில் சிமெண்டுத் துகள் ஒட்டியிருந்தது.

வெளியே வந்தபோது டெல்மரின் முகம் வெளிறியிருந்தது.

"எங்க இடிச்ச?" என்றாள் வெர்னா.

ஓரன் ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தான்.

"மதகுல" என்றான் டெல்மர். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. எதிர்ல தானிய லாரி வந்துச்சு. நான் ரொம்ப ஓரம் ஒதுங்கிட்டேன். மதகோட விளிம்பு மழையில அரிச்சுப் போயிருந்துச்சு. பின்சக்கரம் இறங்கி வண்டி அப்படியே சிமெண்டுல உக்காந்துடுச்சு. அவ உள்ள முழங்கால் மடங்கி விழுந்துட்டா. எழுப்பிப் பார்த்தேன், நடந்தா. லாரிக்காரன்தான் சங்கிலி போட்டுத் தூக்கிவிட்டான்."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா முதல்ல என்ன கேட்டிருப்ப?"

வெர்னா அதையேதான் கேட்டாள். "குடிச்சிருந்தியா?"

"இல்ல."

"எப்படி நம்புறது?"

"நம்ப வழியில்ல. அதான் சொல்லல." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "தாங்கி விரிஞ்சது சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னை உள்ள ஏத்தியிருப்பேனா? அந்த அடியில எல்லாம் தளர்ந்துபோய்ச் சத்தம் போடுது, அதுக்குத்தான் அவ பயப்படுறான்னு நினைச்சேன். சத்தத்தை அடக்கிட்டா அவ ஏறிடுவா, நானும் எதுவும் சொல்லாமத் தப்பிச்சிடலாம்னு பார்த்தேன்."

இப்போது ஓரன்தான் வெடித்தான். "அந்தச் சக்கரம் நெடுஞ்சாலையில கழண்டிருந்தா? இவளும் குதிரையும் என்ன ஆகியிருப்பாங்க? பையைத் தூக்கிட்டுக் கிளம்பு!"

தம்பிக்காக இத்தனை நாள் பேசிய மனிதன் இப்படிக் கத்துவதை வெர்னா பார்த்தாள். அவள் தொலைபேசியை எடுத்துக் கால்நடை மருத்துவரை அழைத்தாள். இருவரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"ஆமா, ஞாபகம் இருக்கு" என்றார் மருத்துவர். "பல்லை அப்புறம் பாருங்க, முதல்ல முழங்காலைப் பாருங்கன்னு கெஞ்சினான். வண்டி மதகுல இறங்கிடுச்சுன்னான். அவளைவிட அவன்தான் அதிகமா நடுங்கிட்டிருந்தான். ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

"அவன்கிட்ட சாராய வாடை அடிச்சுதா?"

"நான் குதிரையைப் பார்த்துட்டிருந்தேன் வெர்னா. அவனை மோந்து பார்க்கல."

அவ்வளவுதான் கிடைத்தது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் வழியில்லை என்று வெர்னாவுக்குப் புரிந்தது. அவன் குதிரையை அடிக்கவில்லை. பொய் சொன்னான். குடித்தானா இல்லையா என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

"இருக்கட்டும்" என்றாள் ஓரனிடம். பிறகு டெல்மரிடம், "ஆனா ஒண்ணு. இனிமே எதை இடிச்சாலும், இஞ்சின் சூடு ஆறுறதுக்குள்ள என்கிட்ட வந்து சொல்லணும். நான் கேக்கிறதை எல்லாம் கேப்பேன். நீ நின்னு பதில் சொல்லணும்" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

ஊரிலிருந்த வெல்டர் புதுத் தாங்கி வைத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னாள் வெர்னா. அதன்பின் ஜூனிக்குத் தீனியை டிரெய்லருக்குள்ளேயே வைத்தார்கள். முதலில் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. பிறகு முன்னங்கால்களை வைத்தது. ஒரு மாலை, யாரும் அழைக்காமலே முழுக்க ஏறி, வைக்கோலை மென்றுகொண்டு நின்றது. அப்போது வெர்னா கதவைச் சாத்தவில்லை. பல நாள் கழித்துத்தான் சாத்தினாள்.

கோடை முடிவில் அடுத்த மாவட்டத்தில் நடந்த பந்தயத்துக்கு அவளே ஓட்டிப் போனாள். டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. ஜூனி இறங்கியபோது தோளும் கழுத்தும் உலர்ந்திருந்தன. ஓட்டத்தில் இரண்டாவது பீப்பாயை உரசித் தள்ளிவிட்டது. பரிசு எதுவும் இல்லை.

சாயங்காலம் ஓரன் தொலைபேசியில் அழைத்தான். குதிரையைப் பற்றிக் கேட்டான், சொன்னாள். பிறகு சற்றுத் தயங்கி, "டெல்மர்?" என்றான்.

வெர்னா திரும்பிப் பார்த்தாள். டெல்மர் குனிந்து ஜூனியின் குளம்பைக் கையில் ஏந்தி, அதில் சிக்கியிருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தான். குதிரை தன் பாரத்தில் பாதியை அவன் முதுகில் சாய்த்திருந்தது.

"இருக்கான்" என்றாள்.